கோலி சோடாவிலிருந்து செடித் தொட்டி வரை: ஒரு குமிழியின் வரலாறு

மக்களே, பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துல வந்த அந்தப் படம் ஞாபகம் இருக்கா? ஒரு பீக்கர் தண்ணி. உள்ளே ஒரு கொத்து ஹைட்ரில்லா. அது மேல கவிழ்த்து வெச்ச புனல். புனலோட கழுத்துல தண்ணி நிரப்பிக் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயில்ல வெச்சா செடியிலிருந்து குமிழி குமிழியா கிளம்பி உச்சியில போய்ச் சேரும். அணையப்போற தீக்குச்சியைக் காட்டினா குப்புன்னு பத்திக்கும். ஒளிச்சேர்க்கையில ஆக்சிஜன் வெளியேறுதுன்னு நிரூபிச்சாச்சு. படம் வரைந்து பாகம் குறி.

அந்தச் சோதனையில எல்லாரும் மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்துடற ஒரு வரி உண்டு. தண்ணியில ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் சேர்க்கணும். அதாங்க, ஆப்ப சோடா. காரணம் சிம்பிள். தண்ணிக்குள்ள இருக்கிற செடிக்கு கரியமில வாயு எப்பவும் பத்தாக்குறைதான். அதை நாமதான் கொஞ்சம் ஊட்டணும்.

இன்னைக்கு செடித் தொட்டி வெச்சிருக்கறவங்க வாங்குற சிலிண்டர், ரெகுலேட்டர், டிஃப்யூசர் எல்லாமே அந்த ஒரு சிட்டிகையோட வாரிசுங்கதான். வாரிசுன்னா வம்சாவளி இருக்கணும் இல்லையா? அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீயோ சோடாவோ கையில வெச்சுக்கிட்டு படிங்க. சோடாவா இருந்தா ரொம்பப் பொருத்தம். :-)

அறிமுகத்துக்கு ரெண்டு வரி: திருவண்ணாமலையில ரமணாசிரமம் பகுதியில குடியிருக்கேன். பொட்டி தட்டுற பொழப்பு. வீட்டுல ரெண்டடி செடித் தொட்டி, சுமார் 55 லிட்டர். ஊத்துறது போர்வெல் தண்ணி. அந்தத் தண்ணியோட குணம் பின்னாடி முக்கியமா வரும்.

பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டுப் பாதிரியார்

1767. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. நொதிக்கிற தொட்டிகளுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்துப் படலம் படிஞ்சு கிடக்கும். எரியுற குச்சியை அதுக்குள்ள நீட்டினா அணைஞ்சு போகும். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750களில் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள பொதிஞ்சு கிடந்த ஒரு காத்தைப் பத்தி எழுதியிருந்தார். இதுவும் அதே காத்துதான். நம்ம கரியமில வாயு.

பிரீஸ்ட்லி என்ன செஞ்சார்னா, ரெண்டு பாத்திரத்தை அந்தத் தொட்டிக்கு நேர் மேல பிடிச்சுக்கிட்டு, ஒன்னுலேருந்து இன்னொன்னுக்கு தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தினார். நம்ம டீ மாஸ்டர் ஆத்துற மாதிரியே. கொஞ்ச நேரத்துல தண்ணி சுள்ளுன்னு புளிப்பேறிச்சு. சோடா பிறந்தாச்சு.

இதை ஒரு கருவியாப் பாருங்க. வாயுவும் தண்ணியும் தொட்டுக்கிற பரப்பை அதிகப்படுத்து, தண்ணியை அசைச்சுக்கிட்டே இரு, போதுமான நேரம் குடு. இந்த மூணுதான் சூத்திரம். இன்னைக்கு பீங்கான் தட்டு வெச்ச கண்ணாடி டிஃப்யூசர் செய்யுறதும் இதே மூணைத்தான்.

1772ல தண்ணியில இந்தக் காத்தை ஏத்துறது எப்படின்னு ஒரு சின்னப் புத்தகமே போட்டார். சாக்குத்தூள் மேல அமிலம் ஊத்தி, வர்ற வாயுவை ஒரு பையில பிடிச்சு, தண்ணிக்குள்ள செலுத்துற முறை. கப்பல் மாலுமிகளுக்கு வர்ற ஸ்கர்வி நோய் இதுல குணமாகும்னு நம்பினார். குணமாகலை, அது வேற விஷயம். (ஸ்கர்விக்கு வேண்டியது வைட்டமின் சி.) ஆனா வீட்டுலயே சோடா தயாரிக்க ஒரு செய்முறை உலகத்துக்குக் கிடைச்சுது. இன்னைக்கு சிட்ரிக் அமிலமும் ஆப்ப சோடாவும் ரெண்டு பாட்டில்ல வெச்சு தொட்டிக்கு வாயு விடுறவங்க, அவங்களுக்கே தெரியாம பிரீஸ்ட்லியோட சீடர்கள்.

அதுக்கு முந்தின வருஷம், 1771ல, அவர் செஞ்ச இன்னொரு சோதனை ரொம்பப் பிரபலம். மெழுகுவத்தி எரிஞ்சு அணைஞ்ச காத்துல ஒரு புதினாச் செடியை வெச்சுட்டு, சில நாள் கழிச்சுப் பார்த்தா அதே காத்துல மெழுகுவத்தி மறுபடி எரிஞ்சுது. ஆக, சோடாவைக் கண்டுபிடிச்சவரும், செடி காத்தை மீட்டெடுக்கும்னு காட்டினவரும் ஒரே ஆள். ரெண்டும் ஒரே கதையோட ரெண்டு பாதின்னு அவருக்கு அப்போ தெரியலை.

கொதிச்ச தண்ணியில குமிழி வராது

ரெண்டு பாதியையும் ஒட்டவெச்சது அடுத்த ரெண்டு பேர்.

1779ல யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளைத் தண்ணிக்குள்ள முக்கி வெச்சு நூத்துக்கணக்குல சோதனை செஞ்சார். வெயில்ல குமிழி வருது, இருட்டுல வரலை. சூட்டுனால இல்லை, வெளிச்சத்துனாலதான்னு பிரிச்சுக் காட்டினார். இருட்டுல செடியே காத்தைக் கெடுக்கும்னும் சொன்னார். இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்குங்க, மீன் உயிர் சம்பந்தப்பட்டது.

1782ல ஜெனிவாவைச் சேர்ந்த ஜான் செனெபியே அடுத்த கேள்வியைக் கேட்டார். குமிழி வர்றதுக்குத் தண்ணியில எது இருக்கணும்? கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில இலையைப் போட்டா குமிழி கிடையாது, ஏன்னா கொதிக்கும்போது கரைஞ்ச வாயுவெல்லாம் பறந்துடுச்சு. கரியமில வாயு ஏத்தின தண்ணியில போட்டா குமிழி பிச்சுக்கிட்டு வருது. என்னைக் கேட்டா, நீருக்குள்ள இருக்கிற இலைக்கு வேணும்னே கரியமில வாயு ஊட்டின வரலாறு இங்கதான் ஆரம்பிக்குது. மீன்தொட்டிங்கற பொருளே அப்போ கிடையாது!

தண்ணிக்குள்ள ஏன் இந்தப் பஞ்சம்? கணக்கு இதான். காத்தோட சமநிலையில இருக்கிற 25 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலதான் கரியமில வாயு இருக்கும். அளவு கம்மிங்கறதுகூடப் பரவாயில்லை. காத்துல பரவுறதைவிட தண்ணிக்குள்ள வாயு பரவுறது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. இலையை ஒட்டி அசையாம நிக்கிற ஒரு மெல்லிய தண்ணிப் படலத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு மூலக்கூறும் உள்ளே போகணும். அதனாலதான் தொட்டியில வாயு எவ்வளவு விடுறோம்ங்கறதோட, தண்ணி எப்படிச் சுத்துதுங்கறதும் முக்கியம்.

கோலி சோடா சொல்லும் பாடம்

1872ல ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு பாட்டிலுக்கு காப்புரிமை வாங்கினார். கழுத்துல ஒரு கண்ணாடி கோலி, உள்ளே இருக்கிற வாயுவோட அழுத்தமே கோலியை மேல தள்ளி வாயை அடைச்சுக்கும். நம்ம கோலி சோடா. அது பிறந்த நாட்டுல மறைஞ்சு போச்சு. நம்ம ஊர்ல பெட்டிக்கடைக்கும் திருவிழாவுக்கும் சொந்தமாயிடுச்சு. பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்தி கால் கெஞ்சும்போது ஒரு பன்னீர் சோடா அடிச்சவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

இந்தக் கோலி, செடித் தொட்டிக்காரங்களுக்கு ஒரு பெரிய பாடம் சொல்லுது. மூடியிருக்கிற வரைக்கும் வாயு கரைஞ்சு கிடக்கும். கோலியைத் தட்டின மறுநொடி புஸ்ஸுன்னு கிளம்பிடும். ஹென்றி 1803ல சொன்ன விதியும் இதேதான்: தண்ணி மேல அந்த வாயுவோட அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான் தண்ணிக்குள்ள நிக்கும். நம்ம தொட்டி எப்பவுமே திறந்த பாட்டில். நாம ஏத்துற வாயு மேல்பரப்பு வழியா ஓடிக்கிட்டே இருக்கும், நாமளும் ஏத்திக்கிட்டே இருக்கணும். சூடு கூடக்கூட கரையுறதும் குறையும். திருவண்ணாமலை சித்திரை வெயில் பத்தி நான் சொல்லணுமா என்ன?

இன்னொரு கணக்கு. நல்லா காரமா ஏத்தின சோடாவுல லிட்டருக்கு 6 கிராம் வரைக்கும் வாயு இருக்கும். 200 மில்லி பாட்டில்னா சுமார் 1.2 கிராம். ஒரு சொட்டு வீணாகாம என் 55 லிட்டர் தொட்டியில கலந்தா லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல வந்துடும். செடித் தொட்டிக்காரங்க பிடிக்கப் பார்க்கிற இலக்கு லிட்டருக்கு சுமார் 30. அதாவது ஒரே ஒரு சோடா, முக்கால்வாசி தூரம்! (யாரும் ஊத்திப் பார்க்காதீங்க. ஒரேயடியா ஏறினா மீன் தாங்காது. பன்னீர் சோடான்னா கேக்கவே வேணாம்.)

சமநிலைத் தொட்டி

1850ல லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு தொட்டியில ரெண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி, அழுகின இலையைத் தின்ன நத்தைகள்னு போட்டு, தண்ணி மாத்தாமலே எல்லாம் உயிரோட இருக்கிறதைக் காட்டினார். மீன் விடுற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கும், செடி விடுற ஆக்சிஜனை மீன் எடுத்துக்கும். 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன்கூடம் திறந்தாங்க. ஐரோப்பாவே மீன்தொட்டிப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சுது. அந்த அலை சென்னைக்கும் வந்தது. எட்கர் தர்ஸ்டன் முயற்சியில மெரினா கடற்கரையில 1909ல மீன் காட்சியகம் திறந்தாங்க. 1942ல யுத்த பயத்துல மூடிட்டாங்க.

வாரிங்டனோட சமன்பாடு அழகா இருந்தாலும் அதுல ஒரு ஓட்டை உண்டு. மீன் விடுற வாயு மீனுக்கு ஆபத்து வராம பார்த்துக்கப் போதும். செடி செழிச்சு வளரப் பத்தாது. இந்த ஓட்டையை 1905ல கேம்பிரிட்ஜின் பிளாக்மேன் பொது விதியாவே சொல்லிட்டார். வெளிச்சம், வெப்பம், கரியமில வாயு எல்லாம் சேர்ந்து நடக்குற வேலையில, எது மிகக் குறைவோ அதுதான் வேகத்தை முடிவு பண்ணும். நம்ம பாஷையில சொன்னா பாட்டில்நெக். சர்வர் மெமரியை ரெட்டிப்பாக்கினாலும் டேட்டாபேஸ் வேகம் மாறலைன்னா பேஜ் அதே வேகத்துலதான் திறக்கும். வாயு ஏத்தாம விளக்கை மட்டும் பெருசாக்குனா செடி வளராது, பாசிதான் வளரும்.

குமிழியை எண்ணின வங்காளி

இப்ப நான் ரொம்பப் பிரியமா எழுத நெனச்ச பகுதிக்கு வந்தாச்சு.

தண்ணிச் செடி விடுற குமிழியை எண்ணி ஒளிச்சேர்க்கையோட வேகத்தைக் கணக்கிடலாம்னு ஜெர்மனியின் யூலியுஸ் சாக்ஸ் 1860களிலேயே செஞ்சு காட்டியிருந்தார். ஆனா கண்ணால எண்ணுறது கடுப்பான வேலை. குமிழி ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசுன்னு இருந்தா கணக்கே தப்பு.

நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937) இதைக் கையில எடுத்தார். கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சியில பேர் வாங்கின அதே போஸ்தான். 1917ல கல்கத்தாவுல தன் பேர்ல ஆய்வு நிலையம் தொடங்கினவர், அங்க தேர்ந்தெடுத்த செடி எது தெரியுமா? ஹைட்ரில்லா. குளம் குட்டையில தானா முளைக்குற, நம்ம பள்ளிக்கூட பீக்கர்ல மிதக்குற அதே பாசி. அது விடுற ஆக்சிஜன் குமிழி வெளியேறும்போதெல்லாம் ஒரு மின்சுற்று மூடி, தானாகவே பதிவாகுற மாதிரி கருவி செஞ்சார். வெளிச்சம் மாறினா, வெப்பம் மாறினா, கரியமில வாயு மாறினா குமிழி வேகம் எப்படி மாறுதுன்னு அந்தக் கருவியே எழுதிக் காட்டும். 1924ல இதையெல்லாம் ஒரு புத்தகமாவே வெளியிட்டார்.

அதுல ஒரு விசித்திரம். கோடையில எடுத்த ஹைட்ரில்லா, குளிர்காலத்துச் செடி மாதிரி நடந்துக்கலை. அதோட உடம்புல மாலிக் அமிலம் அதிகமா இருந்தது, அந்த அமிலத்தையே கரியமில வாயுவுக்கான கையிருப்பா வெச்சு ஒளிச்சேர்க்கை நடத்துற மாதிரி தெரிஞ்சுது. அந்தக் காலத்துல இதை யாரும் பெருசா கண்டுக்கலை.

நாப்பது வருஷம் கழிச்சு, 1966ல ஆஸ்திரேலியாவுல ஹாட்ச், ஸ்லாக் ரெண்டு பேரும் கரும்பு, சோளம் மாதிரியான செடிகள் முதல்ல நாலு கார்பன் அமிலமா வாயுவைப் பிடிச்சு வைக்கிற வழியை விளக்கினாங்க. சி4 வழின்னு நாம படிச்சது. அதுக்கப்புறம் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் போவ்ஸ் குழு, ஹைட்ரில்லா வாயுப் பஞ்சம் வர்றப்ப இதே மாதிரி ஒரு வழிக்கு மாறிக்கும்னு காட்டிச்சு. அதுவும் ஒரே செல்லுக்குள்ளயே. கரும்புல இருக்கிற மாதிரி தனித்தனி அறையெல்லாம் அதுக்கு வேணாம். போஸ் பார்த்தது எவ்வளவு தூரம் முன்னோடின்னு பிற்பாடு இந்திய ஒளிச்சேர்க்கை ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க.

ஃப்ளோரிடாக்காரங்களுக்கு ஏன் நம்மூர்ப் பாசி மேல இவ்வளவு அக்கறைன்னு கேட்டீங்கன்னா, அதுவும் மீன்தொட்டிக் கதைதான். 1950களின் தொடக்கத்துல இலங்கையிலிருந்து மீன்தொட்டிச் செடியா ஹைட்ரில்லா அங்க போச்சு. தொட்டியிலிருந்து ஓடைக்குத் தப்பிச்சு, ஆறு ஏரியெல்லாம் அடைச்சுக்கிட்டு, அரசாங்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணி வெட்டுற களையாயிடுச்சு. சிலிண்டர் கேக்காத செடிக்கு இருக்குற பலம் அப்படி. தொட்டியைக் கழுவும்போது மிஞ்சின செடியை குளத்துல வீசுறவங்க இந்தக் கதையை ஒரு நிமிஷம் யோசிங்க.

ஜெர்மன் சிலிண்டர், ஜப்பான் கண்ணாடி

1980கள்ல ஜெர்மனியில டூப்லா நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ஸ்ட், கிப்பர் ரெண்டு பேரும் செடித் தொட்டியை ஒரு முழு எந்திரமா யோசிச்சாங்க. அடிமண்ணுக்குச் சூடு, இரும்புச் சத்து, அளவா கரியமில வாயு.

ஜப்பான்ல டகாஷி அமானோ (1954–2015), 1982ல ஏ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார். மதுக்கடையில பார்த்த சோடாவுல பொறி தட்டி, அதைத் தொட்டியில ஊத்திப் பார்த்ததுல செடி குமிழி விட்டதுதான் ஆரம்பம்னு அவரைப் பத்தின கதை ஒன்னு ரொம்பப் பிரபலம். மேல போட்ட சோடாக் கணக்கைப் பார்த்தீங்கன்னா, கதை நடக்கக்கூடியதுதான்! பிரீஸ்ட்லியோட சோடாவும் செனெபியேவோட இலையும் இருநூறு வருஷம் கழிச்சு மறுபடி சந்திச்ச மாதிரி இருக்கு. அமானோ அந்தக் கருவிகளை கண்ணாடியில அழகா வடிச்சார், தொட்டியைத் தோட்டக்கலையா மாத்தினார். 1996ல சியர்ஸ், கான்லின் ரெண்டு பேர் பாசித் தொல்லைக்கும் உரச் சமநிலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பத்தி எழுதின கட்டுரை இணையத்துல பரவுச்சு. ஈஸ்ட்டும் சக்கரையும் போட்ட ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் உலகம் பூரா வீடுகள்ல உக்காந்துச்சு. அதாவது மறுபடி லீட்ஸ் பீர் தொட்டி. 342 கிராம் சக்கரை முழுசா நொதிச்சா 176 கிராம் வாயு. நம்ம இட்லி மாவு பொங்குறதும் இதே வாயுவாலதான், அங்க வேலை செய்யுறது வேற நுண்ணுயிர்.

நம்ம வீட்டுல மாட்டுறப்ப

வரலாறு போதும், மாட்டுற வரிசை இதான்: சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர், டைமரோட சோலினாய்டு வால்வு, நுணுக்கமா திருகுற நீடில் வால்வு, தண்ணி திரும்ப ஏறாம தடுக்கிற செக் வால்வு, குமிழி எண்ணுற கவுண்டர், கடைசியில டிஃப்யூசர். செக் வால்வை மட்டும் சிக்கனம் பண்ணாதீங்க. அது இல்லைன்னா தொட்டித் தண்ணி குழாய் வழியா இறங்கி ரெகுலேட்டரைக் காலி பண்ணிடும்.

25 டிகிரியில சிலிண்டருக்குள்ள அழுத்தம் சுமார் 64 பார். கார் டயரைவிட கிட்டத்தட்ட முப்பது மடங்கு. இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு சமாச்சாரம் இருக்கு. 31 டிகிரியைத் தாண்டினா கரியமில வாயு திரவமாவும் இல்லாம, வாயுவாவும் இல்லாம ஒரு ரெண்டுங்கெட்டான் நிலைக்குப் போயிடும். அதுக்கு மேல சூடு ஏற ஏற அழுத்தம் விறுவிறுன்னு ஏறும். திருவண்ணாமலையில வருஷத்துல பாதி நாள் அந்தக் கோட்டுக்கு மேலதான். அதனால சிலிண்டரை மொட்டைமாடி ரூம்லயோ, வெயில் படுற ஜன்னல் ஓரத்துலயோ வைக்காதீங்க. நிமிர்த்தி, சாயாம கட்டி, நிழல்ல வைங்க. சோதனைத் தேதி முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அடுத்தது தண்ணி. என் போர்வெல் தண்ணியில கார்பனேட் கடினத்தன்மை 12 டிகிரி, பி.ஹெச். 8.2. தொட்டிக்காரங்க பயன்படுத்துற ஒரு கணக்கு உண்டு: கடினத்தன்மையை மூணால பெருக்கு, பி.ஹெச். ஏழுக்கு மேல எவ்வளவோ அத்தனை அடுக்கு பத்தால வகு. இதுல 36ஐ 10^1.2ஆல வகுத்தா லிட்டருக்கு சுமார் 2.3 மில்லிகிராம். முப்பதை எட்டணும்னா பி.ஹெச். 7.1 பக்கம் இறங்கணும். மென்தண்ணி ஊர்க்காரங்களுக்கு 6.6. இணையத்துல யாரோ எழுதின எண்ணை அப்படியே நம்ம கல்பாறைத் தண்ணிக்குப் போட்டா மீனுக்கு சங்குதான். நம்பகமான வழி டிராப் செக்கர்: 4 டிகிரி கடினத்தன்மை கரைசலும் புரோமோதைமால் நீலமும். பச்சைன்னா சரி, மஞ்சள்னா அதிகம், நீலம்னா பத்தலை. அது காட்டுறது ஒன்னு ரெண்டு மணி நேரத்துக்கு முந்தின நிலவரம்ங்கறதை மறக்காதீங்க.

விளக்கு எரியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாயுவைத் திறந்து, விளக்கு அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடணும். இங்கன்ஹவுஸ் சொன்ன கடைசி வரி இங்க வருது. இருட்டுல செடியும் மீனோட சேர்ந்து ஆக்சிஜனைத் தின்னும், கரியமில வாயுவை விடும். கரன்ட் போனா சோலினாய்டு தானா மூடிக்கும், அது நல்லது. ஈஸ்ட் பாட்டிலுக்கு மின்வெட்டும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. அது பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருக்கும். காலையில மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுன்னா வாயுவை உடனே நிறுத்தி, காத்துக்கல்லை ஓடவிட்டு, பாதித் தண்ணியை மாத்துங்க.

இந்த வாயு மனுஷனையும் விடாது. 1986 ஆகஸ்ட்ல ஆப்பிரிக்காவின் கேமரூன்ல நியோஸ் ஏரி அடியில கரைஞ்சு தேங்கியிருந்த கரியமில வாயு ஒரே ராத்திரியில பொங்கி வெளியே வந்து 1700க்கும் மேற்பட்டவங்க மூச்சடைச்சு செத்தாங்க. கோலி தட்டின சோடா மாதிரிதான், ஒரு ஏரி அளவுல. 2001ல அடியிலிருந்து குழாய் வெச்சு அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்த ஆரம்பிச்சாங்க. நாம தொட்டிக்குள்ள வாயு ஏத்தக் குழாய் விடுறோம், அவங்க ஏரியிலிருந்து இறக்கக் குழாய் விட்டாங்க. சின்ன மூடின ரூம்ல பெரிய சிலிண்டரை வைக்காதீங்கன்னு சொல்றது சும்மா பயமுறுத்த இல்லை.

தாத்தா கேட்ட கேள்வி

எதிர் வீட்டுத் தாத்தா ஒரு நாள் இந்தச் சாமானையெல்லாம் உத்துப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, பாலி தீர்த்தத்துல எவன் சிலிண்டர் மாட்டினான்? குளத்துல செடி வளரலையா?"ன்னு கேட்டார்.

"வளரும் தாத்தா, அங்க சேறு இருக்குங்க"ன்னேன்.

சுருக்கமான பதில்னாலும் அதுல விஷயம் முழுசா இருக்கு. குளத்துச் சேத்துல இலைதழை மக்கி கரியமில வாயு ஊறிக்கிட்டே இருக்கும். அது மட்டுமில்லை, குளத்துச் செடிகள் ஒவ்வொன்னுக்கும் ஒரு தந்திரம் உண்டு. அல்லி, ஆம்பல், கொட்டி எல்லாம் இலையை மேல மிதக்கவிட்டு காத்துலயிருந்தே நேரா வாயுவை எடுத்துக்கும். நாட்டு அதிவிடயம்னு மருந்துக்கடையில கிடைக்குற கிழங்கோட செடி, மீன்தொட்டிக்காரங்க கொண்டாடுற கிரிப்டோகோரின் குடும்பம்தான். தண்ணி வத்தினா காத்துல இலை விடும், தண்ணி ஏறினா உள்ளே வாழும். ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தண்ணியில கரைஞ்ச பைகார்பனேட்டையே பிரிச்சுத் தின்னும். எதைக் கடினத்தண்ணின்னு நாம திட்டுறோமோ, அதுதான் அதுங்களுக்குச் சோறு. பள்ளிக்கூட பீக்கர்ல ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டோமே, எங்க போர்வெல் தண்ணி அதைப் போட்டுக்கிட்டுதான் மேலயே வருது.

அதனால புதுசா ஆரம்பிக்கிற நண்பர்களுக்கு என் யோசனை இது. முதல்ல செடியை முடிவு பண்ணுங்க, அப்புறம் சாமான் வாங்குங்க. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரின்னா சிலிண்டர் காசை மிச்சம் பிடிச்சு நல்ல அடிமண் போடுங்க. வெளிச்சத்தையும் மிதமா வைங்க. சிவப்பு இலைச் செடி, தரையில கம்பளம் விரிச்ச மாதிரி படர்ற செடிதான் வேணும்னா, சிலிண்டர் அவசியம்.

சிலிண்டர் மாட்டினாலும், குமிழி கவுண்டர்ல வினாடிக்கு எத்தனைன்னு பெருமை பேசறதோட நிக்காதீங்க. உள்ளே போற குமிழி ஒரு கணக்கு, தண்ணியில கரையுறது இன்னொரு கணக்கு, செடி எடுத்துக்கிறது மூணாவது கணக்கு. டிஃப்யூசரை நீரோட்டத்துக்கு நேர் கீழே வைங்க. குமிழி மேல வந்து உடையுறதுக்குள்ள தொட்டியை ஒரு சுத்து சுத்தணும். விளக்கு எரிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு இலை நுனியில முத்து முத்தா குமிழி கோத்து நிக்குதான்னு பாருங்க. போஸ் எண்ணினது அந்தக் குமிழியைத்தான். நாமளும் எண்ண வேண்டியது அதைத்தான்.

டிஸ்கி: தொட்டியில தண்ணி மாத்தின உடனே எல்லா இலையும் குமிழியா மின்னும். அது ஒளிச்சேர்க்கை இல்லீங்க, குழாய்த் தண்ணியில அழுத்தத்துல கரைஞ்சிருந்த காத்து வெளியே வர்றது. போட்டோ எடுத்துப் போட்டுடாதீங்க. :-)